தண்ணீர்க் குழாயும் தகவல் குழாயும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "நம்ம பிள்ளைகளுக்குப் பிரயோசனமா உங்க தொழில்ல இருந்து ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கண்ணே. ஆனா அரை மணிக்கு மேல போயிராதீங்க" என்று கேட்டுக்கொண்டார். நான் இருபது வருஷத்துக்கு மேலாக இணையதளங்களுக்குப் பின்னால் இருக்கிற தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வேலை பார்ப்பவன். ஆகவே அந்த வேலையிலிருந்தே ஒன்றைப் பேசுகிறேன். அதற்குக் கனெக்‌ஷன் பூலிங் என்று பெயர். தமிழில் இணைப்புத் தொகுப்பு என்று சொல்லலாம். பெயரைக் கேட்டு யாரும் எழுந்து போய்விட வேண்டாம். கூடலூர்க்காரனுக்கு இது புது விஷயமே இல்லை. லோயர் கேம்ப் மலைச்சரிவை நிமிர்ந்து பார்த்த எவருக்கும் இதில் பாதி தெரியும்.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த வழியாகத் தண்ணீர் நம் பக்கம் வருகிறது. வந்த தண்ணீர் நேராக மின் நிலையத்துக்குள் பாய்வதில்லை. போர்பே அணையில் கொஞ்சம் தங்குகிறது. அங்கிருந்து நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் நான்கு ஜெனரேட்டர்களைச் சுற்றிவிட்டு, அப்புறம்தான் நம் வயலுக்கு வருகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான்.

இப்போது ஒரு கேள்வி. மேலே ஏரி நிரம்பிக் கிடக்கிறது. நான்கு குழாய்க்குப் பதில் நாற்பது குழாய் போட்டால் மின்சாரம் பத்து மடங்கு கிடைக்குமா? கிடைக்காது. கீழே ஜெனரேட்டர் நான்குதான். இன்னொன்று, இவ்வளவு பெரிய குழாயை ஒவ்வொரு முறையும் காலி பண்ணி, மறுபடி நிரப்பி ஓட்டுவார்களா? மாட்டார்கள். நிரப்புவதற்கே நேரம் போய்விடும். ஆகவே குழாயின் எண்ணிக்கை அளவோடு இருக்க வேண்டும், குழாய் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், மிஞ்சிய தண்ணீர் மேலே நின்று தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் புரிந்துவிட்டால் இணைப்புத் தொகுப்பு புரிந்த மாதிரிதான்.

ஓர் இணையதளத்தில் நீங்கள் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? உங்கள் கோரிக்கை முதலில் ஒரு வெப் சர்வருக்குப் போகிறது. அங்கே ஓடுகிற நிரல், தரவுத்தளத்திடம் 'இந்தப் பதிவு எண்ணுக்கு உரிய விவரத்தைக் கொடு' என்று கேட்கிறது. கேட்பதற்கு இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு வேண்டும். அந்த இணைப்பை உண்டாக்குவது லேசான காரியம் இல்லை. முதலில் இரண்டு கணிப்பொறிகளும் வலைப்பின்னல் வழியாகக் கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ரகசியக் குறியாக்கத்துக்கு ஒப்பந்தம், பிறகு பயனர் பெயர், கடவுச்சொல் சரிபார்ப்பு. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளமாக இருந்தால், ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸையே அது உண்டாக்கும். இத்தனையும் முடிந்த பிறகு கேட்கிற கேள்விக்கு, பல சமயம் இரண்டே மில்லிசெகண்டில் பதில் வந்துவிடும். இரண்டு இட்லி சாப்பிட ஒவ்வொரு தடவையும் புது அடுப்பு கட்டுகிற கதைதான்.

அதனால் பத்து இணைப்பை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்கிறோம். நிரலுக்குத் தேவைப்படும்போது ஒன்றை எடுத்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் மூடாமல் திருப்பி வைத்துவிடும். பத்தும் வெளியே போயிருந்தால், பதினோராவது ஆள் வரிசையில் நிற்பான். இதுதான் தொகுப்பு. ஜாவா எழுதுகிறவர்களுக்கு ஹிகாரி என்று ஒரு நல்ல நூலகம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ஒளி என்று அர்த்தம். 2018-ல் வந்த ஸ்பிரிங் பூட் இரண்டாம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பாக வருகிறது. பைத்தானில் எஸ்க்யூஎல் ஆல்கெமி, நோடில் பிஜி என்று மற்றவர்களுக்கும் வசதி உண்டு. புதிதாக யாரும் எழுத வேண்டியதில்லை. புரிந்துகொண்டு அமைக்க வேண்டியதுதான் பாக்கி.

'எத்தனை இணைப்பு வைக்கலாம் சார்?' இதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. ஆயிரம் பேர் வருவார்களா, ஆயிரம் வை என்றுதான் மனசு சொல்லும். நண்பர்களே, அங்கேதான் நாற்பது குழாய்க் கதை வருகிறது. தரவுத்தளக் கணிப்பொறியில் நான்கு கோர் இருந்தால், ஒரு நேரத்தில் உண்மையாக ஓடக்கூடிய வேலை நான்குதான். ஒரு வேலை வட்டிலிருந்து தகவல் வரட்டும் என்று காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு வேலையை ஓட்டலாம். அதற்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டு என்று போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். நான்கு கோர், ஒரு வட்டு என்றால் ஒன்பது. பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது தொடங்குவதற்கான கணக்குதான். பிறகு பளு கொடுத்துச் சோதித்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஹிகாரியும் பிஜியும் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பத்து என்றும், ஆல்கெமி ஐந்து என்றும் வைத்துக்கொள்வது காரணமில்லாமல் இல்லை.

ஆரக்கிள் நிறுவனத்தின் செயல்திறன் குழுவினர் இதை ஒரு காணொலியில் நடத்தியே காட்டியிருக்கிறார்கள். 9,600 பயனர்கள் ஒரே நேரத்தில் வருவது போன்ற சோதனை. முதலில் தொகுப்பில் 2,048 இணைப்பு. பிறகு படிப்படியாகக் குறைத்து 96 ஆக்கினார்கள். வேறு எதையும் தொடவில்லை. ஏறக்குறைய 100 மில்லிசெகண்டாக இருந்த பதில் நேரம் ஏறக்குறைய 2 மில்லிசெகண்டாக இறங்கிவிட்டது. குறைத்ததால் வேகம் கூடியிருக்கிறது! காரணம், இரண்டாயிரம் பேர் ஒரே அறைக்குள் நுழைந்தால் வேலை நடக்காது, தள்ளுமுள்ளுதான் நடக்கும். இந்த வேலையை நிறுத்தி அந்த வேலைக்கு மாறுவதிலும், ஒருவர் பூட்டியதை இன்னொருவர் திறக்கக் காத்திருப்பதிலுமே கணிப்பொறியின் சக்தி கரைந்துவிடும். வெளியே ஒழுங்காக வரிசையில் நின்று உள்ளே போகிறவன், முண்டியடித்து உள்ளே போனவனைவிடச் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான்.

நம் எல்லாருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் மறுபடி வந்துவிட்டது. அதனால் இந்தப் பள்ளத்தாக்கிலும் இன்று தட்கல் போடாத வீடு குறைவு. ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் சீட்டு விற்பனை 2002 ஆகஸ்டில் தொடங்கியது. காலை நேரத்துத் தட்கல் கூட்டத்தில் அது திணறிய கதை உங்களுக்குத் தெரியும். 2014 ஏப்ரல் 28 அன்று புதிய அமைப்பைக் கொண்டுவந்தார்கள். பழையதில் நிமிடத்துக்கு 2,000 சீட்டு, புதியதில் நிமிடத்துக்கு 7,200 சீட்டு. ஒரே நேரத்தில் 40,000 பேருக்குப் பதில் 1,20,000 பேர் உள்ளே இருக்கலாம் என்று அப்போது அறிவித்தார்கள்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் 1,20,000 பேர். நிமிடத்துக்கு 7,200 என்றால் நொடிக்கு 120 சீட்டு. அதாவது, பெரும்பாலானவர்கள் எந்த நேரத்திலும் பெயர் அடித்துக்கொண்டோ, வண்டி தேடிக்கொண்டோ, 'அப்பா வயசு என்னம்மா' என்று கேட்டுக்கொண்டோதான் இருக்கிறார்கள். இவர்களுக்கு அந்த நொடியில் தரவுத்தளம் தேவையே இல்லை. ஒரு சீட்டுக்குத் தரவுத்தளத்தில் கால் நொடி வேலை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 120-ஐக் காலால் பெருக்க, ஒரே நேரத்தில் தேவைப்படுவது 30 இணைப்பு. விசாரிப்பு, தேடுதல் எல்லாம் சேர்ந்து பல மடங்கானாலும் அது லட்சத்தின் பக்கத்தில் வராது. வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர் எண்ணிக்கை கிடைக்கும் என்ற இந்தக் கணக்கை ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்தார். லிட்டில் விதி என்று பெயர். பெயர்தான் சின்னது, பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள் தம்பிகளே.

அந்தக் கணக்கில் இரண்டு சாமான்கள் இருக்கின்றன. வரும் வேகம் நம் கையில் இல்லை. தங்கும் நேரம் நம் கையில் இருக்கிறது. இந்த ஒன்றைச் சொல்வதற்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் மாணவர் சேர்க்கை இணையதளத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள். தளம் அசையவில்லை. அங்கிருந்த தம்பிகள் தொகுப்பை நூறாக்கி, பிறகு முந்நூறாக்கிப் பார்த்துவிட்டார்கள். "ஏத்த ஏத்தப் படுத்துக்கிருதுண்ணே" என்றார்கள். நான் இணைப்பின் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. ஓர் இணைப்பை எடுத்த நிரல் அதை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு நொடிக்கு மேல்! ஏன்? மாணவரின் கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்புகிறார்கள். இணைப்பை எடுத்து, எண்ணைப் பதிந்து, குறுஞ்செய்தி நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் 'வந்தது' என்று சொல்லும் வரை காத்திருந்து, அதன் பிறகுதான் இணைப்பைத் திருப்பி வைக்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள். தரவுத்தள வேலை 20 மில்லிசெகண்டு. ஓர் இணைப்பு நொடிக்கு 50 பேரைக் கவனிக்கும்; பத்து இணைப்பு 500 பேரை. அதே இணைப்பை இரண்டு நொடி பிடித்து வைத்தால் பத்து இணைப்பு நொடிக்கு ஐந்தே பேரைத்தான் கவனிக்கும். ஐந்நூறு எங்கே, ஐந்து எங்கே! நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. பதிந்தவுடன் இணைப்பைத் திருப்பி வை, குறுஞ்செய்தியை அதற்குப் பின்னால் அனுப்பு. தொகுப்பை இருபதாகக் குறைத்தோம். சாயங்காலத்துக்குள் வரிசை கரைந்துவிட்டது.

இதில் மனசு கனத்த விஷயம் ஒன்று உண்டு. அன்று வந்திருந்த புகார்களை வாசித்துப் பார்த்தேன். ஒரு பிள்ளை எழுதியிருந்தது: 'நான் ஏதாவது தப்பாக அழுத்திவிட்டேனா? தயவுசெய்து மன்னித்து இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்.' பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி பிரௌசிங் சென்டருக்கு வந்து, மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்த பிள்ளை. அந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வரி இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து, எடுத்ததைத் திருப்பி வைப்பது. நம் கல்லூரி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பிரதி இருக்கும் புத்தகத்தை வருஷத்துக்கு ஒருவர் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பாமல் விட்டால், பத்தாவது வருஷம் அலமாரி காலி. (இந்த அரங்கத்தில் யாரிடமும் நான் எதுவும் கேட்கப் போவதில்லை, நூலகரும் முன்வரிசையில்தான் இருக்கிறார்.) நிரலில் எல்லாம் சரியாகப் போனால் இணைப்பைத் திருப்பிவிடுவோம். நடுவில் பிழை வந்து வேறு பாதையில் வெளியேறினால்? இணைப்பு திரும்பாது. அதை ஒழுகல் என்போம். மதியம் வரை நன்றாக ஓடி, மூன்று மணிக்கு மேல் நின்றுபோய், ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடும் தளத்தைப் பார்த்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஜாவாவில் டிரை வித் ரிசோர்சஸ், பைத்தானில் வித் என்று, எந்தப் பாதையில் வெளியேறினாலும் தானாகத் திருப்பி வைக்கும் எழுத்துமுறை இருக்கிறது. அதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதிக நேரம் வெளியே இருக்கும் இணைப்பைக் காட்டிக்கொடுக்க ஹிகாரியில் ஒழுகல் எச்சரிக்கையும் உண்டு.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் நான்கு. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, காத்திருக்கும் நேரம். ஹிகாரியில் இயல்பாக 30 நொடி. முப்பது நொடி சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. மறுபடி மறுபடி அழுத்துவார்கள், கூட்டம் இரட்டிப்பாகும். மூன்று, ஐந்து நொடியில் 'இப்போது கூட்டம் அதிகம், நீங்கள் கொடுத்த விவரம் பத்திரமாக இருக்கிறது, ஒரு நிமிடம் கழித்து அழுத்துங்கள்' என்று உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் அந்த விவரத்தை உண்மையிலேயே பத்திரமாக வைத்திருந்தால்தான் அப்படிச் சொல்ல வேண்டும்.

இரண்டு, இணைப்பின் ஆயுள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 8 மணி நேரம் சும்மா கிடக்கும் இணைப்பைத் தானே துண்டித்துவிடும். நடுவில் இருக்கும் ஃபயர்வால் அதற்கும் முன்பே துண்டிக்கலாம். தொகுப்புக்கு இது தெரியாது. அதனால்தான் சில தளங்களில் காலையில் வருகிற முதல் ஆளுக்கு மட்டும் பிழை வரும். இரண்டாவது தடவை அழுத்தினால் சரியாகிவிடும். இணைப்பின் ஆயுளை அந்த நேரத்தைவிடக் குறைவாக வையுங்கள். ஹிகாரி இயல்பாக 30 நிமிடம் வைக்கிறது.

மூன்று, மொத்தக் கணக்கு. ஒரு வெப் சர்வருக்கு 20 இணைப்பு என்று வைத்துவிட்டு, கூட்டம் வந்ததும் எட்டு சர்வர் போடுகிறோம். எட்டிருபது 160. போஸ்ட்கிரெஸில் இயல்பான உச்சவரம்பு 100, மைஎஸ்க்யூஎல்லில் 151. உதவிக்குக் கொண்டுவந்த சர்வரே உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நிற்கும். அப்போது நடுவில் ஒரு பொதுத் தொகுப்பு வைக்கலாம். போஸ்ட்கிரெஸுக்கு பிஜிபௌன்சர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்கைப் நிறுவனத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்தது. அத்தனை சர்வரும் அதனிடம் வரும். அது சில இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுக்கும். நம் போர்பே அணை போலத்தான்.

நான்கு, குழாய்க்கே வராமல் போகக்கூடிய தண்ணீர். மின் நிலையத்துக்குத் தேவைப்படாத உபரித் தண்ணீரை இரைச்சல் பாலம் வழியாக விடுகிறார்கள் அல்லவா? அதுபோல, எல்லாருக்கும் ஒரே மாதிரி காட்டுகிற அறிவிப்பு, கட்டண விவரம், பாடப்பிரிவுப் பட்டியல் இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்தைக் கேட்க வேண்டாம். தயாராக எடுத்து வைத்துக் கொடுத்துவிடலாம். குழாய் முக்கியமான வேலைக்கு மிஞ்சும்.

தம்பி ஒருவர் கேட்கலாம்: "பெரிய கம்ப்யூட்டரா வாங்கிட்டாப் போச்சேண்ணே, எதுக்கு இம்புட்டுக் கணக்கு?" வாங்கலாம். காசு இருக்கிறவர்கள் வாங்குவார்கள். ஆனால் இரண்டு நொடி பிடித்து வைக்கிற நிரல் பெரிய கணிப்பொறியிலும் இரண்டு நொடிதான் பிடித்து வைக்கும். நம்மைப் போன்ற ஊர்களில் பள்ளி, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் தளங்கள் சின்னக் கணிப்பொறியில்தான் ஓடும். அவற்றைச் சரியாக ஓட்டிக் காட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷ புராஜெக்டில் யாராவது இதை எடுத்துச் செய்யுங்கள். ஒரே தளத்தை இணைப்புத் தொகுப்பு இல்லாமல் ஒருமுறையும், ஐந்து, பத்து, ஐம்பது, இருநூறு என்று வைத்து அடுத்தடுத்தும் ஓட்டுங்கள். பதில் நேரத்தை வரைபடமாகப் போடுங்கள். கோடு எந்த இடத்தில் இறங்கி எந்த இடத்தில் மறுபடி ஏறுகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கூடவே, ஓர் இணைப்பை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அளந்து எழுதுங்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அந்த ஒரு தாள் உங்களுக்காகப் பேசும்.

நண்பர்களே, இன்று போடி ஏலக்காய் ஏலமே கணிப்பொறியில் நடக்கிறது. பட்டா, பென்ஷன், ஸ்காலர்ஷிப், கல்லூரி இடம் எல்லாவற்றுக்கும் வாசல் இணையதளம்தான். அந்த வாசலில் வரிசை நீளும்போது முதலில் திரும்பிப் போகிறவர்கள் யார்? வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்கள், நாளைக்கு மறுபடி வரப் பஸ் காசு இல்லாதவர்கள். அவர்கள் யாருக்கும் நம்முடைய நிரல் தெரியாது. 'நமக்குக் கொடுத்து வைக்கலை' என்று போய்விடுவார்கள். எனவே, தேவைக்கு மட்டும் எடுங்கள், வேலையைச் சுருக்காக முடியுங்கள், உடனே திருப்பி வையுங்கள். வரிசையில் நிற்கிற அடுத்த பிள்ளைக்கு அது போய்ச் சேரட்டும்.

 பின்வரிசைத் தம்பிகளே, சாப்பாடு தயாராகிவிட்டதாம். அங்கேயும் வரிசையில் நில்லுங்கள்.